54ஆவது மாசச்சூசெட்ஸ் தன்னார்வக் காலாட்படைப் பிரிவு

54ஆவது மாசச்சூசெட்ஸ் தன்னார்வக் காலாட்படைப் பிரிவு என்பது அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் தரப்பில் போரிட்ட கறுப்பின வீரர்களின் படைப்பிரிவாகும். 1863 இல் உருவான இதற்கு வெள்ளையரான கர்னல் ராபர்ட் கூல்ட் ஷா தலைமை தாங்கினார்.

1863 சூலை 18 அன்று தென் கரொலைனாவின் வாக்னர் கோட்டைத் தாக்குதலில் இப்பிரிவு முன்னணியில் சென்றது. கோட்டை வீழவில்லை. ஏறத்தாழ 600 பேரில் 270 பேர் வரை கொல்லப்பட்டோ காயமடைந்தோ சிறைபிடிக்கப்பட்டோ போயினர், ஷாவும் உயிரிழந்தார்.

வெள்ளையின வீரருக்கு மாதம் 13 டாலரும் கறுப்பின வீரருக்கு 10 டாலருமே சம்பளம். அதிலும் உடைக்கென 3 டாலர் பிடிக்கப்பட்டது. இதை வாங்க இப்பிரிவினர் மறுத்தனர். வித்தியாசத்தை மாநில அரசு ஈடுசெய்ய முன்வந்தபோதும் அவர்கள் ஏற்கவில்லை. சம்பளமின்றியே 1864 பெப்ரவரியில் புளோரிடாவின் ஒலஸ்டி சமரில் போரிட்டு, பின்வாங்கிய படைக்குப் பாதுகாப்பளித்தனர். 1864 சூனில் அமெரிக்கக் காங்கிரசு சமச் சம்பளத்துக்கு வழிசெய்தது.