வெள்ளெழுத்தும் கொழுந்தும்: கண் மருத்துவ ஆய்வுக் கட்டுரையும் மலையகத் தொழிலாளரும்

இலக்கியப் பிரதியை அது தோன்றிய சமூகச் சூழலில் வைத்தே நோக்கவேண்டும் என்பது இன்று தமிழ் ஆய்வுலகிற் பெரிதும் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மையாகும். ஆயின், விஞ்ஞானப் பிரதியை அவ்வாறு நோக்கும் வழக்கம் எம்மிடையே வேரூன்றவில்லை. மருத்துவச் சஞ்சிகையில் வெளிவரும் கட்டுரை, வர்க்க உறவுகளுக்கு அப்பாற்பட்ட தூய உண்மையின் பதிவு என்றே பலரும் கருதுகின்றனர். அதுவும் எழுதப்படும் ஒரு பிரதியே. அதற்கும் இலக்கணமும் மரபும் வாசகரும் உளர். அதிலும் சிலர் பேசுகின்றனர், சிலர் பேசப்படுகின்றனர்.

கண் மருத்துவச் சஞ்சிகைக்கு ஆய்வுக் கட்டுரை எழுதி அனுப்பும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் கண்களை ஆராய முற்படும் இளம் வைத்தியர்களையும் மருத்துவபீட மாணவர்களையும் மனத்திற் கொண்டே இதனை எழுதுகின்றோம். நாம் கண் மருத்துவர் அல்லேம். எனினும், பிரதிகளைப் படிப்பதே எமது தொழிலாதலின், இதுபற்றிக் கூறுவதற்கு எமக்கும் சில உள.

1. சொல்லும் தொழிலும்

நாற்பதை அண்டிய வயதில் கண்வில்லையின் நெகிழ்ச்சி குறைந்து, அண்மையிலுள்ள பொருள் மங்கலாகத் தெரியத் தொடங்கும் நிலையைத் தமிழில் வெள்ளெழுத்து என்கின்றோம். இச்சொல்லை உற்று நோக்கின், அது படிப்பவனின் சொல் என்பது புலனாகும். ஏட்டில் எழுத்து வெளுத்துத் தோன்றுவதே இங்கு நோயின் அடையாளம். ஏடு தொடாத கைகளுக்கு அந்த அடையாளம் பொருந்தாது.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் கண் முன் இருப்பது எழுத்தன்று. இரண்டு இலையும் ஒரு மொட்டும் ஆகும். அவள் அவற்றை முற்றிய இலையிலிருந்து கணப்பொழுதிற் பிரித்தறிய வேண்டும். நாளுக்குரிய கிலோவை எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். இவ்வளவு தோட்டத்துக்குத் தோட்டமும் பருவத்துக்குப் பருவமும் மாறினும், முறை ஒன்றே. ஆகவே, அண்மைப் பார்வை மங்குதல் ஆசிரியருக்கு வாசிப்பில் ஓர் இடைஞ்சலாக அமைய, தொழிலாளிக்கு அது நேரே கூலிப் பிரச்சினையாகிவிடுகின்றது. உடலின் முதுமை ஒன்றாயினும், அதன் சமூகப் பொருள் வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபடுகின்றது. தோட்டத்தொழிலாளரின் கண்ணை ஆராய்பவர் முதலில் உணரவேண்டியது இதுவே.

2. கட்டுரையின் அமைப்பு

கண் மருத்துவச் சஞ்சிகை மரபு 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஜேர்மனியில் கிறேஃபே 1854இல் தொடங்கிய ஏடு ஜேர்மன் மொழியில் எழுந்து, பிற்காலத்தில் ஆங்கிலத்துக்கு மாறியது. பிரித்தானியக் கண் மருத்துவச் சஞ்சிகை 1917இல் தோன்றியது. இன்று இலங்கைக் கண் மருத்துவர் கல்லூரியும் தனக்கெனச் சஞ்சிகையொன்றை வெளியிட்டு வருகின்றது. 1978இல் மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர் சிலர் கனடாவின் வன்கூவரிற் கூடிக் கட்டுரை வடிவத்துக்குப் பொது விதிகளை வகுக்க முற்பட்டனர். அவ்விதிகள் காலந்தோறும் திருத்தப்பட்டு, பெரும்பாலான மருத்துவச் சஞ்சிகைகளுக்கு இன்றும் அடிப்படையாக உள்ளன.

அவ்விதிகளின்படி கட்டுரை நான்கு பகுதிகளை உடையது: அறிமுகம், முறையியல், பெறுபேறுகள், கலந்துரையாடல். இவற்றுக்கு முன் நோக்கம், முறை, பெறுபேறு, முடிபு எனப் பகுக்கப்பட்ட சுருக்கம் இடம்பெறும். ஒழுக்கநெறிக் குழுவின் அங்கீகாரம், நிதி வழங்கியோர் விபரம், நலன் முரண்பாடு பற்றிய கூற்று, ஆசிரியருக்கான முகப்புக் கடிதம் ஆகியன உடன் செல்லவேண்டும். மக்கட் கூட்டமொன்றை அவதானித்து எழுதப்படும் ஆய்வாயின், 2007இல் வெளியிடப்பட்ட ‘ஸ்ட்ரோப்’ என்னும் சரிபார்ப்புப் பட்டியலின்படி ஒவ்வோர் அம்சமும் எந்தப் பக்கத்திற் கூறப்பட்டுள்ளது எனக் காட்டுமாறு பல சஞ்சிகைகள் கேட்கின்றன. எத்தனை பேர் அழைக்கப்பட்டனர், எத்தனை பேர் வந்தனர், வராதோர் ஏன் வரவில்லை என்பன அப்பட்டியலில் அடங்கும். தோட்டத்தில் ஆய்வு நடத்துவோர் இறுதி வினாவைக் கருத்தூன்றிக் கவனித்தல் வேண்டும். வேலைநாளிற் பரிசோதனை வைத்தால், வராதவர்கள் பேர் இழக்க அஞ்சியவர்களே ஆவர். அவர்களை விட்டு எடுத்த கணக்கு தோட்டத்தின் கணக்காகாது.

3. அளவைகளின் அரசியல்

கண் மருத்துவக் கட்டுரைக்கே உரிய சில நுணுக்கங்கள் உள. சஞ்சிகைகளின் மதிப்பீட்டாளர் முதலில் தேடுவன அவையே.

முதலாவது, கணக்கின் அலகு. ஒருவருக்குக் கண் இரண்டு. நூறு பேரைப் பரிசோதித்து இருநூறு கண்கள் என எழுதிவிட்டால், ஆய்வின் அளவு இருமடங்காகத் தோன்றும். ஆனால், ஒருவரின் இரு கண்களும் ஒன்றையொன்று சாராதவை அல்ல. எனவே புள்ளியியல் முடிபு பிழைபடும். அலகு கண்ணா ஆளா என்பதை முறையியலிலேயே கூறி, அதற்கேற்ற கணிப்பைக் கையாள வேண்டும். இவ்விதி புள்ளியியலாரின் விதி. எனினும், கண்ணை ஆளிலிருந்து பிரித்து எண்ணலாகாது என்னும் அதன் கருத்து எமக்கு உவப்பானதே.

இரண்டாவது, பார்வை அட்டை. 1862இல் ஒல்லாந்தரான ஸ்னெலன் வகுத்த எழுத்து அட்டை, படிக்கத் தெரிந்தவரை முன்னிலைப்படுத்தியது. எழுத்தறியாத முதியவர்களுக்கு, திசை மாறி நிற்கும் ‘ஈ’ வடிவ அட்டையே ஏற்றது. அவர்கள் விரலாற் திசை காட்டினாற் போதும். எந்த அட்டை, எத்தனை மீற்றர் தூரம், எவ்வகை வெளிச்சம் என்பனவற்றைத் தவறாது எழுதவேண்டும். எழுத்தறியாமை பார்வைக்குறைவாகப் பதிவாகிவிடும் ஆபத்தை இவ்விபரங்களே தடுக்கின்றன.

மூன்றாவது, மிக முக்கியமானது. ஒருவரின் பார்வையை இருவகையாக அளக்கலாம். தம்மிடம் உள்ளதைக் கொண்டு, கண்ணாடி இருந்தால் அதனோடும் இல்லையேல் வெறுங்கண்ணாலும் அவர் காண்பது ஒன்று. தக்க வில்லைகளை அணிவித்தபின் அவர் காணக்கூடிய மிகச்சிறந்த பார்வை மற்றொன்று. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய வகைப்பாடு இரண்டாவதையே அளவுகோலாகக் கொண்டிருந்தது. அதன்படி, கண்ணாடி வாங்க இயலாது தடுமாறும் பெண், கண்ணாடி அணிந்தால் நன்கு காண்பாள் என்ற காரணத்தால், பார்வைக் குறைபாடுடையோர் கணக்கில் இடம்பெறவில்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்குறை உணரப்பட்டு, முதல்வகை அளவை ஏற்கப்பட்டது. இவ்விரு அளவைகளுக்கும் இடையிலுள்ள வெளி நோயின் வெளியன்று, வறுமையின் வெளி. ஆகவே இரண்டையும் அளந்து, இரண்டையும் அட்டவணையிற் காட்டவேண்டும். எமது ஆய்வாளர் இதனை ஒரு தொழினுட்ப விபரமாகக் கருதிக் கடந்துவிடலாகாது.

மத்திய மலைநாட்டிலிருந்து உலகச் சஞ்சிகைகளுக்குச் செல்லும் பாதை புதியதன்று. கண்டி மாவட்டக் கிராமப்புறங்களில் 40 வயதும் அதற்கு மேலும் உடையோரைப் பரிசோதித்த ‘கண்டி கண் ஆய்வு’ 2009இல் அமெரிக்கக் கண் மருத்துவக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. கண்டி வைத்தியர்களும் அவுஸ்திரேலிய ஆய்வாளர்களும் இணைந்து எழுதியது அது.

4. அசாம் தரும் பாடம்

தேயிலைத் தொழிலாளரின் கண்ணைப் பற்றி அண்மைக் காலத்தில் அதிகம் பேசப்பட்ட ஆய்வு அசாமில் நிகழ்ந்தது. 40 வயதுக்குக் குறையாத, வெள்ளெழுத்துடைய 751 தொழிலாளர் இரு பிரிவினராகக் குலுக்கல் முறையிற் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு உடனே கண்ணாடி வழங்கப்பட்டது. மறுபிரிவினருக்கு ஆய்வின் முடிவில் வழங்கப்பட்டது. கண்ணாடி பெற்றோர் நாளொன்றுக்குப் பறித்த கொழுந்தின் எடை, பெறாதோருடன் ஒப்பிடுகையில் 21.7 வீதம் கூடுதலாக உயர்ந்தது. இப்பெறுபேறு 2018இல் ‘லான்செற் குளோபல் ஹெல்த்’ சஞ்சிகையில் வெளியிடப்பட்டது.

இவ்வாய்வின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. மிகக் குறைந்த செலவில் எவ்வளவு பயன் விளையும் என்பதை அது ஐயத்துக்கிடமின்றி நிறுவியது. அங்கு தொழிலாளரின் வருமானம் எடையைச் சார்ந்திருந்தமையின், எடை கூடியது அவர்களுக்கும் நன்மையே. ஆயினும், இங்கு முதன்மைப் பெறுபேறாகக் கொள்ளப்பட்டது கிலோ என்பதை இலக்கிய மாணவன் கவனியாதிருக்க முடியாது. கண்ணாடிக்கான நியாயம், காணும் உரிமையிலிருந்து பிறவாமல் உற்பத்தியிலிருந்து பிறக்கின்றது. கொடையாளரையும் தோட்ட நிர்வாகங்களையும் இணங்கவைக்க இத்தகைய எண்கள் உதவும் என்பது உண்மை. ஆனால், ஒரு வினா எஞ்சுகின்றது. கண்ணாடி அணிந்து எல்லோரும் கூடுதலாகப் பறித்தால், நாளைக்கு முழுப்பேருக்குரிய கிலோவும் உயர்த்தப்படாதென்பதற்கு உத்தரவாதம் யாது? மலையகத்தில் இத்தகைய ஆய்வு நடைபெறின், கிலோவுடன் தலைவலி, களைப்பு, அட்டை பூச்சிகளைக் கண்டு விலகும் ஆற்றல், பிள்ளையின் பாடப்புத்தகத்தைப் பார்க்கும் இன்பம் ஆகியனவும் பெறுபேறுகளாக அளக்கப்படவேண்டும். பெறுபேறு எதுவென முன்கூட்டியே தீர்மானிப்பதும், குலுக்கல் ஆய்வாயின் தொடங்குமுன் பதிவு செய்வதும் சஞ்சிகைகளின் விதி. அதற்கென 2006இல் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவகம் நிறுவப்பட்டுள்ளது. வினாவை மாற்றுவதற்குரிய காலம் அதற்கு முன்னரே உண்டு; கட்டுரை எழுதும்போது அது கடந்துவிடும்.

5. இசைவு

1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கிப் பிரகடனத்துக்கு அமைய ஆய்வு நடந்தது என்னும் வாக்கியம் இல்லாமல் எந்தக் கண் மருத்துவச் சஞ்சிகையும் மனிதரைப் பற்றிய கட்டுரையை ஏற்பதில்லை. 2024இல் அப்பிரகடனம் திருத்தப்பட்டபோது, ஆய்வுக்கு உட்படுத்தப்படுவோர் என்ற சொல் நீக்கப்பட்டு, பங்கேற்போர் என்ற சொல் இடம்பெற்றது. சொல் மாறியது, உறவும் மாறியதா என்பதே வினா.

தோட்டத்துரையின் அனுமதி தொழிலாளியின் இசைவாகாது. பிரட்டுக்களத்தில் நிறுத்திவைத்துப் பெயர் வாசித்துப் பரிசோதனைக்கு அனுப்பினால், மறுக்கும் சுதந்திரம் எங்கே? இசைவு தனித்தனியே, கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அருகில் இல்லாத இடத்தில் பெறப்படவேண்டும். எழுத்தறியாதவர் கைவிரல் அடையாளம் இடும்போது, ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் இருத்தல் வேண்டும்.

இசைவுப் படிவமொன்றின் தமிழைச் செப்பனிடுமாறு நண்பரொருவர் எம்மிடம் தந்தார். ‘விழியக அழுத்தம்’, ‘எவ்வேளையிலும் விலகிக்கொள்ளும் உரிமையுடையீர்’ என்றவாறு அது அமைந்திருந்தது. பிழையற்ற தமிழ்தான், ஆனால் லயத்தில் வாழும் ஒருவருக்கு அதிலிருந்து எதுவும் விளங்காது. ‘வேணாமுன்னு சொன்னா, ஒங்க பேருக்கும் சம்பளத்துக்கும் ஒரு கொறையும் வராது’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்வதே உண்மையான இசைவுப் படிவம் என்று நாம் கூறினோம். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அம்மரபு கலைச்சொல்லாக்கத்தோடு நின்றுவிடாது, மக்கள் பேச்சையும் தழுவவேண்டிய இடம் இதுவே.

இனக்குழுவின் பெயரும் கவனத்துக்குரியது. குடிசனமதிப்பீடு நெடுங்காலமாக ‘இந்தியத் தமிழர்’ என்றே குறித்து வந்தது. மக்களோ தம்மை மலையகத் தமிழர் என்கின்றனர். எந்த வகைப்பாடு, யாரால், எவ்வாறு தீர்மானிக்கப்பட்டது என்று முறையியலில் எழுதுமாறு சஞ்சிகைகள் இன்று கேட்கின்றன. கேட்டறிந்து எழுதுவதே முறை.

6. பெயரும் கட்டணமும்

நூலாசிரியராகப் பெயர் பெறுவதற்குச் சர்வதேச ஆசிரியர் குழு நான்கு நிபந்தனைகளை விதிக்கின்றது: ஆய்வில் கணிசமான பங்களிப்பு, எழுத்தில் அல்லது திருத்தத்தில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பேற்றல். லயம் லயமாகச் சென்று ஆட்களை அழைத்து வந்த தோட்ட வைத்திய உதவியாளரும் குடும்பநல உத்தியோகத்தரும் பெரும்பாலும் நன்றியுரையின் ஒரு வரியில் அடங்கிவிடுகின்றனர். ஆனால், முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு ஏனையவற்றிலும் பங்குகொள்ள வாய்ப்பளிக்கவேண்டும் என்று அவ்விதிகளே கூறுகின்றன. வாய்ப்பளிக்காது விட்டுவிட்டுத் தகுதியில்லை எனல் நேர்மையன்று.

அனுப்பிய கட்டுரையை ஆசிரியர் முதலிற் பார்ப்பார். ஏற்புடையதாயின் பெயரறியா மதிப்பீட்டாளர் இருவருக்கோ மூவருக்கோ அனுப்புவார். திரும்பி வரும் குறிப்புகள் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு மறுமொழி எழுதவேண்டும். உடன்படாதவிடத்துக் காரணம் காட்டவேண்டும். ஒரே காலத்தில் இரு சஞ்சிகைகளுக்கு அனுப்புதல் குற்றம். ஏற்கப்பட்ட கட்டுரையை எவரும் இலவசமாகப் படிக்கச் செய்வதற்குப் பல சஞ்சிகைகள் ஆயிரக்கணக்கான டொலர் கேட்கின்றன. எழுதுபவருக்கும் மதிப்பிடுபவருக்கும் ஊதியமில்லை. வெளியீட்டுக் கம்பனிக்கு இலாபம் உண்டு. எனவே, கட்டணமின்றி வெளியிடும் உள்நாட்டுச் சஞ்சிகைகளையும் கட்டண விலக்களிக்கும் சஞ்சிகைகளையும் முதலில் நாடுதல் தகும்.

கட்டுரை அச்சேறுவதுடன் கடமை முடிவதில்லை. ஆங்கிலக் கட்டுரையோடு தமிழ்ச் சுருக்கம் ஒன்றையும் எழுதி, அதனைத் தோட்டத்துக்கே எடுத்துச் சென்று வாசித்துக் காட்டவேண்டும். கண்புரை கண்டறியப்பட்டவர் சத்திரசிகிச்சைக்கு அனுப்பப்பட்டாரா என்பதையும் உறுதிசெய்யவேண்டும். கொழுந்து பறித்தவளுக்குத் தேநீரின் விலை தெரியாதிருப்பது நெடுங்கால வழக்கம். தன் கண்ணைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரையில் என்ன இருக்கின்றது என்பதேனும் அவளுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.