ஆயாவின் பத்து வட்டியும் தம்பியின் ஒரு வட்டியும்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "சம்பளத்துல எத்தனை சதவீதம் சேமிக்கணும்?" இன்னைக்கு அதைப் பேசப் போறதில்லை. கடன் பத்திப் பேசுவோம்.

ஏன்னா சேமிப்பை யாராவது ஒருத்தர் சொல்லிக் கொடுத்துடறாங்க. வீட்டுல அம்மாவைக் கேட்டுப் பாருங்க, 'சஞ்சாயிகா'ன்னு ஒரு பேர் சொல்வாங்க. பள்ளிக்கூடத்துக்குள்ளயே மாணவர்கள் நடத்தின சேமிப்பு வங்கி. பசங்களே காசு வாங்கி, பசங்களே கணக்கு எழுதுவாங்க. நல்ல திட்டம். ஆனா கடன் வாங்கறது எப்படின்னு எந்த வகுப்புலயும் யாரும் சொல்லித் தரலை. முதல் வேலைக்குப் போனதும் நாம முதல்ல பண்றது அதைத்தான்.

நானும் அப்படித்தான். முதல் வேலையில சம்பளம் 7-ஆம் தேதி. ஃபோனுக்கு ஈ.எம்.ஐ. 5-ஆம் தேதி. அந்த ரெண்டு நாள் இடைவெளிக்கு மூணு மாசம் அபராதம் கட்டினேன், கடன் கொடுத்த இடத்துல ஒண்ணு, வங்கியில ஒண்ணு. தேதியை மாத்தித் தரச் சொல்லிக் கேட்கலாம்னுகூட அப்ப எனக்குத் தோணலை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க ஊர் அதியமான்கோட்டை. தர்மபுரி பக்கத்துல, பெங்களூர்–சேலம் நெடுஞ்சாலையில இருக்கு. அதியமான்னா உங்களுக்கு நெல்லிக்கனி ஞாபகம் வரும். எங்களுக்குச் சாம்பல் பூசணிதான். காலபைரவர் கோயில்ல தேய்பிறை அஷ்டமிக்குப் பூசணியில விளக்கு ஏத்த அவ்வளவு கூட்டம் வரும். எங்க ஆயா அங்க பூசணிக்காய் விக்கிறாங்க. சரக்கு எடுக்கத் தண்டல் வாங்குவாங்க.

தண்டல் தெரியாதவங்களுக்கு: 10,000 ரூபா கடன்னு பேசுவாங்க, கையில 8,500 தருவாங்க. தினம் 100 ரூபான்னு 100 நாள் கட்டணும்.

போன முறை ஊருக்குப் போனப்போ லேப்டாப்பைத் திறந்து அரை மணி நேரம் இதுக்குக் கணக்குப் போட்டேன். 8,500-க்கு 1,500 வட்டி, மூணு மாசத்துக்குக் கொஞ்சம் மேல. மேலோட்டமா பார்த்தா மாசம் நூத்துக்கு அஞ்சு ரூபா. சரியா போட்டா கிட்டத்தட்ட பத்து. பெருமையா ஆயாகிட்ட சொன்னேன்.

"தெரியும் கண்ணு. பத்து வட்டிதான். தினம் நூறு திருப்பிக் கட்டிட்டே இருக்கறேன், பாதி நாள்ல பாதிப் பணம் என் கையில இல்ல. அப்ப அஞ்சுன்னா பத்துதானே?"

எக்செல் சொன்னதை ஆயா ஒரே வரியில சொல்லிட்டாங்க. "அப்புறம் ஏன் வாங்கறே?"ன்னு கேட்டேன். "காலைல காய் எடுக்கணும்னா ராத்திரி யார் கண்ணு பேப்பர் இல்லாம குடுப்பா?" அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. 2003-ல வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்துல தண்டலும் இருக்கு. ஆனா சட்டம் அஷ்டமிக்கு முந்தின ராத்திரி 8,500 ரூபா கொண்டுவந்து தராது.

அதே திண்ணையில எங்க சித்தப்பா பையன் உக்காந்திருந்தான். ஓசூர்ல வேலை, பைக் வாங்கணும். "அண்ணா, 1 லட்சம் லோன், வருஷத்துக்கு 12 சதவீதம், மாசம் ஒரு வட்டிதான். 24 மாசம், மாசம் 5,167."

இங்கதான் ஆயா கணக்கு வேலை செய்யுது. இது 'ஃப்ளாட்' வட்டி. கடைசி மாசம் நீ பாக்கி வெச்சிருக்கறது 5,000 சொச்சம்தான், ஆனா வட்டி முழு 1 லட்சத்துக்கும் போடறாங்க. குறையற பாக்கிக்கு மட்டும் கணக்குப் போட்டா வருஷத்துக்கு ஏறக்குறைய 21.6 சதவீதம். அவன் கொண்டுவந்த தாள்ல 'டாக்குமென்ட் சார்ஜ்' 2,500 வேற. அதைக் கழிச்சா கைக்கு வர்றது 97,500. இப்போ 24 சதவீதம் தாண்டுது. ஒரு வட்டின்னு சொன்னது ரெண்டு வட்டி.

இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு எக்செல் தேவையில்லை. 2024 அக்டோபர் 1-லேர்ந்து புதுசா தர்ற தனிநபர் தவணைக் கடன்களுக்கு 'கே.எஃப்.எஸ்.'னு ஒரு விவரத்தாளை வங்கியும் நிதி நிறுவனமும் தரணும்னு ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கு. அதுல 'ஏ.பி.ஆர்.'னு ஒரு எண் இருக்கும். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவுங்கறது அது. அதை 12-ஆல வகுங்க, நம்ம ஊர் 'நூத்துக்கு இத்தனை வட்டி' வந்துடும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேளுங்க. ஷோரூம்ல "அப்புறம் மெயில் வரும் சார்"னு சொன்னா, மெயில் வந்ததுக்கு அப்புறமே கையெழுத்தும் போடுங்க.

ஆப்ல கடன் வாங்கறவங்களுக்கு இன்னொண்ணு. அதுல மனசு மாறறதுக்குக் குறைஞ்சது ஒரு நாள் அவகாசம் உண்டு. அதுக்குள்ள அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் திருப்பிக் கட்டி வெளிய வந்துடலாம், அபராதம் கிடையாது. ஆரம்பக் கட்டணம் மட்டும் சில இடத்துல பிடிப்பாங்க, அதுவும் கே.எஃப்.எஸ்.ல எழுதியிருக்கணும்.

தம்பிகிட்ட "வாங்காதே"ன்னு நான் சொல்லலை. ஓசூர்ல ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு பஸ்ஸுக்கு நிக்கறவன் அவன், நான் இல்லை. வேற ரெண்டு இடத்துல ஏ.பி.ஆர். கேட்டுட்டு வான்னு மட்டும் சொன்னேன். ஒரு இடத்துல 14 வந்திருக்கு. இன்னொரு இடத்துல கேட்டதுக்குச் சிரிச்சாங்களாம்.

ஆயா உள்ளேர்ந்து கேட்டாங்க: "பதினாலுன்னா எத்தனை வட்டிடா?"

"ஒண்ணே கால்கூட வராது ஆயா."

"அது எனக்குக் குடுப்பாங்களா?"

அடுத்த எபிசோடு அதைப் பத்திதான். மகளிர் சுயஉதவிக் குழுக் கடன், யாருக்குக் கிடைக்கும், எவ்வளவு நாளாகும்னு விசாரிச்சுட்டு வர்றேன்.