வீட்டு வரியில் வந்த புத்தகங்கள்

சங்ககிரி மக்களே, நூலகத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு!

வீட்டு வரி கட்டிய ரசீதை எடுத்துப் பாருங்கள். வரித் தொகையோடு நூலக வரி என்று ஒரு சிறு தொகையும் சேர்ந்திருக்கும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

வீட்டு வரி ஒரு ரூபாய் என்றால், அதற்கு மேல் 10 காசு நூலகத்துக்குப் போகிறது. 500 ரூபாய் வரி கட்டுகிறவர் 50 ரூபாய் நூலகத்துக்குக் கொடுக்கிறார். வாடகை வீட்டில் குடியிருப்பவரும் தப்பவில்லை. அவர் கொடுக்கும் வாடகையிலிருந்துதானே வீட்டுக்காரர் வரி கட்டுகிறார்!

நூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம் என்று சொல்கிறோம். உண்மையில் பணம் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. முழு வாடகையையும் கட்டிவிட்டு, லாரியில் சரக்கு ஏற்றாமல் விடுகிறவர் உண்டா? லாரிகளுக்குப் பேர் போன சங்ககிரியில் அப்படி ஒருவரைப் பார்க்க முடியாது. ஆனால் நூலக விஷயத்தில் மட்டும் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

அங்கே போனால் என்ன கிடைக்கும்? பார்க்கலாம்.

கோட்டையின் கதை

"நம் ஊர் மலைக் கோட்டையைப் பற்றிக் கட்டுரை எழுதி வா" என்று வாத்தியார் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பையன் அப்பாவைக் கேட்கிறான்.

"தீரன் சின்னமலையைத் தூக்கிலே போட்ட இடம் கண்ணு" என்கிறார் அப்பா. அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

அப்பா சொன்னது சரி. கும்பினிப் படையை எதிர்த்துப் போராடிய சின்னமலை 1805-ம் ஆண்டில் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். ஆனால் கும்பினியார் இந்தப் பக்கம் எப்படி வந்தார்கள்?

மூன்றாவது மைசூர்ப் போரில் திப்பு சுல்தான் தோற்றார். 1792-ல் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி சேலம் சீமை கும்பினியார் கைக்கு மாறியது. வரி வசூலிக்க அலெக்சாண்டர் ரீடு என்ற ராணுவ அதிகாரி வந்தார். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. ஆம், பிற்காலத்தில் சென்னைக்குக் கவர்னரான அதே மன்றோதான்! சென்னையில் குதிரை மேல் சிலையாக இருப்பவரும் அவரே.

இந்தச் செய்திகள் எல்லாம் புத்தகங்களில் இருக்கின்றன. சேலம் ஜில்லாவைப் பற்றி லெ பானு என்ற ஆங்கிலேய அதிகாரி 1883-ல் ஒரு பெரிய நூல் எழுதினார். ரிச்சர்ட்ஸ் என்ற இன்னொரு அதிகாரி 1918-ல் ஜில்லா கெஜட்டியர் எழுதினார். ஊர், மலை, கோட்டை, விளைச்சல், தொழில், சந்தை என்று எல்லாவற்றையும் அவற்றில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பழைய புத்தகம் கிளை நூலகத்தில் இருக்குமா? பெரும்பாலும் இருக்காது. அதனால் பையன் திரும்பி வந்துவிட வேண்டியதில்லை. சேலத்தில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அதற்கும் மேலே, சென்னையில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1896-ல் திறக்கப்பட்ட அந்த நூலகத்துக்கு, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியைப் பதிப்பாளர் அனுப்ப வேண்டும். 1954-ல் வந்த சட்டம் அப்படிச் சொல்கிறது. சர்க்காரின் பழைய கடிதங்களையும் பதிவேடுகளையும் பார்க்க வேண்டுமா? எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது.

சென்னைக்குப் போகாமலும் காரியம் ஆகும். பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். செல்போனிலேயே படிக்கலாம்.

பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு

கோட்டையின் கதை பள்ளிப் பிள்ளைக்கு. வேலை தேடும் அக்காவுக்கும் அண்ணனுக்கும் என்ன உண்டு?

கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் போன்ற வேலைகளுக்கு அரசுத் தேர்வாணையம் 'குரூப் 4' பரீட்சை நடத்துகிறது. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும், எழுதலாம். மொத்தம் 200 கேள்விகள். அவற்றில் 100 கேள்விகள் தமிழ்ப் பாடத்திலிருந்தே வருகின்றன.

இதற்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பயிற்சி நிலையத்தில் சேருகிறவர்கள் உண்டு. அவ்வளவு பணத்துக்குத் தறிக்காரர் எங்கே போவார்? லாரி கிளீனர் எங்கே போவார்? பணம் இல்லை என்பதற்காகப் பெண்ணின் படிப்பை நிறுத்திவிடுகிற வீடுகளும் உண்டு.

நிறுத்த வேண்டியதில்லை. இந்தப் பரீட்சைக்கு அடிப்படை அரசுப் பள்ளிப் பாடப் புத்தகங்கள்தான். அவற்றை இணையத்தில் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். பழைய வினாத்தாள்களைத் தேர்வாணையமே தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்கிறது. நாட்டு நடப்பு அறிய நூலகத்தில் தினப் பத்திரிகைகள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, நாலு பேர் நடமாடாத ஒரு மேஜை கிடைக்கிறது. ஒற்றை அறை வீட்டில் படிக்கிற பெண்ணுக்கு அந்த மேஜையின் அருமை தெரியும்.

கிழங்கைக் காத்த குளவி

படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் நூலகம் என்று எண்ண வேண்டாம். தோட்டக்காரருக்கும் அங்கே வேலை உண்டு.

சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு நிறைய விளைகிறது. ஜவ்வரிசி ஆலைகளுக்கு அதுதான் உயிர். 2020-ம் ஆண்டு ஒரு புது மாவுப்பூச்சி இந்தியாவுக்குள் நுழைந்தது. முதலில் கேரளத்தில் தென்பட்டது. பிறகு நம் பக்கமும் பரவியது. செடியின் நுனி சுருங்கிக் குருத்து கொத்துக் கொத்தாக நின்றுவிட்டது. பூச்சிமருந்துக்கே பணம் கரைந்தது.

ஆப்பிரிக்காவில் 1980-களிலேயே இதே பூச்சியை ஒரு குளவியைக் கொண்டு அடக்கியிருந்தார்கள். எறும்பைவிடச் சிறிய குளவி அது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளேயே தின்றுவிடும். அந்தக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாகப் பறக்கவிட்டார்கள்.

இந்தச் செய்தி தெரிந்தவர் குளவி விட்ட தோட்டத்தில் மருந்து அடிக்க யோசிப்பார். ஏனென்றால் மருந்தில் குளவியும் சாகும். தெரியாதவர் மருந்துக் கடைக்காரர் கொடுத்ததை அடிப்பார். இரண்டு பேருக்கும் ஒரே மண், ஒரே மழை. அறிந்த செய்தியில்தான் வித்தியாசம்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் இப்படிப்பட்ட செய்திகளைத் தமிழிலேயே இணையத்தில் வெளியிடுகிறது. கட்டணம் கிடையாது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் தம் பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லலாம்.

வேலையை விடப் பார்த்த நூலகர்

ஊருக்கு ஊர் நூலகம் வேண்டும் என்று சட்டம் வரக் காரணமாக இருந்தவர் ஒரு கணக்கு வாத்தியார்! பெயர் எஸ். ஆர். ரங்கநாதன். சீர்காழியில் 1892-ல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்தார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார்.

சேர்ந்த சில நாளிலேயே அவருக்கு அலுத்துவிட்டது. பேச ஆள் இல்லை. வேலையும் அதிகம் இல்லை. "பழையபடி வகுப்புக்கே வந்துவிடுகிறேன்" என்று கல்லூரித் தலைவரிடம் போய் நின்றார். "முதலில் இங்கிலாந்து போய் நூலகங்களைப் பார்த்து வாருங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் வாருங்கள்" என்று பதில் வந்தது.

போனார். அங்கே தொழிலாளிகளும் பெண்களும் குழந்தைகளும் நூலகத்தில் உட்கார்ந்து படிப்பதைக் கண்டார். நம் ஊரில் ஏன் இது இல்லை என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. திரும்பி வந்தவர் வகுப்பறைப் பக்கம் போகவில்லை. 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து நூல் எழுதினார். வாசகருடைய நேரம் வீணாகக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. உலகம் முழுவதும் நூலகர்கள் அந்த விதிகளை இன்றும் படிக்கிறார்கள்.

அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் ஓர் அதிசயம் நடந்தது. கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் அலமாரி அமைத்துப் புத்தகங்களை அடுக்கினார். வண்டி கிராமம் கிராமமாகப் போயிற்று. அந்த வண்டி நூலகத்தைத் தொடங்கி வைத்தவர் ரங்கநாதன்தான்.

ஆனால் நல்ல மனிதர் ஒருவருடைய வண்டி எத்தனை ஊருக்குப் போகும்? எல்லா ஊருக்கும் நூலகம் வேண்டுமானால் சட்டம் வேண்டும், நிலையான வருமானம் வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் வாதாடினார். 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்போது கல்வி மந்திரியாக இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். சுதந்திர இந்தியாவில் இப்படி வந்த முதல் சட்டம் இதுதான். நம் ரசீதில் இருக்கும் நூலக வரி இந்தச் சட்டத்தில் பிறந்ததுதான்.

ஒரே ஒரு புத்தகம்

"இரவல் புத்தகம் படித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி.

சங்ககிரிக்குப் பக்கத்து ஊரான ஈரோட்டில் 1887-ல் ஒரு குழந்தை பிறந்தது. வளர்ந்தது கும்பகோணத்தில். ஏழைக் குடும்பம். 1903-ல் அந்தப் பையன் கைக்கு ஒரு கணிதப் புத்தகம் வந்தது. கார் என்ற ஆங்கிலேயர் எழுதியது. கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து வந்த இரவல் புத்தகம் அது! ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் அதில் இருந்தன. விளக்கம் மிகக் குறைவு. பையன் ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தான். பிறகு புதிதாகத் தானே கண்டுபிடிக்கத் தொடங்கினான்.

அந்தப் பையன்தான் கணித மேதை ராமானுஜன். 1918-ல் லண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது.

எல்லாரும் ராமானுஜன் ஆவதில்லைதான். ஆனால் எந்தப் பையன் கையில் எந்தப் புத்தகம் சேர வேண்டும் என்று முன்னாலே யாருக்குத் தெரியும்?

எரிந்த நூலகம்

யாழ்ப்பாணத்தில் செல்லப்பா என்பவர் 1933-ல் தம் வீட்டிலேயே ஒரு வாசகசாலை தொடங்கினார். ஊரார் கைகொடுத்தார்கள். அது வளர்ந்து பெரிய பொது நூலகம் ஆயிற்று. 1959-ல் திறக்கப்பட்ட புதுக் கட்டிடத்துக்கு நம் ரங்கநாதனும் யோசனை சொன்னார்.

1981-ம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், இரவு வேளையில் அந்த நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. சுமார் 97,000 புத்தகங்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. கட்டிடத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். எரிந்த சுவடிகளைத் திரும்ப எழுத முடியுமா?

ஈழத் தமிழர் சிலர் 2005-ல் 'நூலகம்' என்ற பெயரிலேயே ஒரு மின்னூலகம் தொடங்கினார்கள். கிடைத்த புத்தகங்களையும் பத்திரிகைகளையும் படம் பிடித்து, யார் வேண்டுமானாலும் படிக்க இணையத்தில் வைத்தார்கள். தீயில் இழந்தவர்களுக்கு ஒரு புத்தகத்தின் மதிப்பு தெரிந்திருந்தது.

நூலகம் எரிந்தால்தான் அழியும் என்பதில்லை. யாரும் போகாவிட்டாலும் அழியும். வாசகர் வராத நூலகத்துக்குப் புதுப் புத்தகம் கேட்க யார் இருக்கிறார்கள்?

செய்ய வேண்டியது என்ன?

நூலகத்தில் உட்கார்ந்து படிக்க யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப் போக உறுப்பினர் ஆக வேண்டும். அதற்கு ஒரு சிறு வைப்புத் தொகையும் ஆண்டுச் சந்தாவும் போதும்.

வேண்டிய புத்தகம் அலமாரியில் இல்லையா? நூலகரைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். "எனக்கு அதிகம் படிக்கத் தெரியாது, பெரிய எழுத்துப் புத்தகம் வேண்டும்" என்றும் கேட்கலாம்.

வீட்டிலிருந்தே படிக்க விரும்புகிறவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. பாரதியார், கல்கி போன்றவர்களின் நூல்களை அரசாங்கம் நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அவற்றை அங்கே இலவசமாகப் படிக்கலாம். 1998-ல் பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' பழைய இலக்கியங்களைத் தட்டெழுத்தில் தருகிறது. உலகெங்கும் உள்ள தமிழர்கள் சம்பளம் வாங்காமல் செய்யும் வேலை அது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. செல்போனில் வருவதெல்லாம் உண்மை அல்ல. யார் எழுதியது, எந்த ஆண்டு எழுதியது என்று பாருங்கள். பெயரும் ஆண்டும் இல்லாத செய்தியைச் சந்தேகப்படுங்கள். இரண்டு இடத்தில் ஒத்துப் பார்த்த பிறகு நம்புங்கள். ஆராய்ச்சி என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். இதற்குப் பட்டம் வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும்.

அடுத்த தடவை வீட்டு வரி கட்டும்போது நூலக வரி எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பணத்துக்குரிய புத்தகம் அலமாரியில் காத்திருக்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் எடுத்து வாருங்கள்!