ஆற்றுக் குப்பை: தடுப்பு போட்டால் மட்டும் போதாது, அள்ளவும் வேண்டும்

கனமழை விட்ட மறுநாள் கெலுகோர் கடலோரம் போய்ப் பாருங்கள். தே ஓ ‘பொங்குஸ்’ கட்டிய பிளாஸ்டிக் பை, தண்ணீர் போத்தல், ஒற்றைச் செருப்பு, சில நேரம் மெத்தைகூட மிதக்கும். எல்லாவற்றையும் யாரோ கடலில் கொட்டியதாக நினைக்க வேண்டாம். பெரும்பாலானவை வீட்டு முன்னால் ஓடும் லோங்கானில் விழுந்தவை. பினாங்குத் தீவின் ஆறுகள் நீளம் குறைந்தவை. குன்றிலிருந்து இறங்கிய வேகத்தில் கடலைத் தொட்டுவிடும். ஆயர் ஈத்தாமில் விழும் குப்பை சுங்கை பினாங்கு வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. தண்ணீர்மலைப் பக்கத்து நீரும் அந்த ஆற்றில்தான் சேர்கிறது.

இதைப் பிடிக்க ஆற்றின் குறுக்கே மிதவைத் தடுப்பு போடுகிறார்கள். மிதவைகளைக் கம்பிவடத்தில் கோத்து இரு கரையிலும் கட்டுவார்கள். நேராகக் கட்டாமல் சாய்வாகக் கட்டினால் நீரோட்டமே குப்பையை ஒரு கரைக்குத் தள்ளிவிடும். அங்கிருந்து அள்ளுவது சுலபம். பாதி மூழ்கிய பைகள் மட்டும் அடியில் நழுவிப் போகும்.

கடலோர ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தினமும் இருமுறை கடல் பெருக்கெடுத்து ஆற்று வாய்க்குள் ஏறும். வெளியே போன குப்பை அதோடு திரும்பி வரும். அதனால் கடல்நீர் எட்டாத மேல்பகுதியில், லோங்கான் ஆற்றில் சேரும் இடத்திலேயே கம்பித் தடுப்பு வைப்பது நல்லது.

ஆனால் அள்ளாமல் விட்ட தடுப்பு அணை மாதிரி. தண்ணீர் பின்னால் தேங்கி வீட்டுக்குள் ஏறும். 2017 நவம்பரில் பினாங்கில் 7 உயிர்களைப் பறித்த வெள்ளத்துக்குக் குப்பையைக் குற்றம் சொல்ல முடியாது. அன்று கொட்டிய மழை அப்படி. இருந்தாலும் அப்படியொரு மழையில் அடைபட்ட லோங்கான் எவ்வளவு நேரம் தாங்கும்?

2019 முதல் கிள்ளான் ஆற்றில் ‘தி ஓஷன் கிளீனப்’ என்ற டச்சு அமைப்பின் ‘இன்டர்செப்டர்’ படகு நிற்கிறது. சூரிய சக்தியில் ஓடும் பட்டை குப்பையை மேலே ஏற்றி 6 தொட்டிகளில் கொட்டும். நாளுக்கு 50 டன் வரை அள்ளும் திறன் கொண்டது. அந்தத் தொட்டிகளையும் கரைக்குக் கொண்டுவந்து காலி செய்ய ஆட்கள் வேண்டும்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை நமக்கு மழை அதிகம். உங்கள் பகுதியில் தடுப்பு நிரம்பிக் கிடந்தால், மழைக்கு முன்பே படம் எடுத்து, சாலைப் பெயரோடு மாநகர் மன்றத்துக்கு அனுப்பிவிடுங்கள்.