பந்தயத்துக்காகச் சாலையை மூடலாமா?

பங்காருபேட்டை ஜங்ஷனில் விடியற்காலையில் நின்று பார்த்தால் சாலையின் அருமை தெரியும். 2001-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின், பெங்களூருக்கு ரயிலேறிப் போய்ப் பிழைப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் ஸ்டேஷனுக்கு வரும் சாலை அரை நாள் அடைபட்டால் அன்றையக் கூலி போயிற்று.

சைக்கிள் பந்தயத்துக்காகக் கிராமச் சாலைகளை அப்படி அடைக்கலாமா என்ற தகராறு பல நாடுகளில் உண்டு. ஸ்காட்லாந்தில் அது விபரீதமாகவே முடிந்தது.

அங்கே பெர்த்ஷயர் மலைப் பகுதியில், பிட்லாக்ரி என்ற சிற்றூரில், 2007-ல் ‘எடாப் கேலடோனியா’ என்ற சைக்கிள் ஓட்டம் தொடங்கியது. சுமார் 130 கிலோ மீட்டர் தூரம். ஞாயிறு காலையில் காரோ லாரியோ வரக்கூடாது. சாலை முழுவதும் சைக்கிள்காரர்களுக்கே. ஊராரில் ஒரு சாராருக்கு இது பிடிக்கவில்லை. சர்ச்சுக்குப் போக முடியவில்லை, வீட்டைவிட்டே கிளம்ப முடியவில்லை என்றார்கள். சாலை மூடலை எதிர்த்துச் சங்கமே அமைத்தார்கள். ஹோட்டல்கள் நிரம்புகின்றன, ஊருக்கு வரும்படிதானே என்றது மறுதரப்பு.

2009 மே 17-ந் தேதி, சுமார் 3,500 பேர் கலந்துகொண்ட ஓட்டத்தில், வழியெல்லாம் யாரோ சிறு ஆணிகளை இறைத்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கான டயர்கள் பஞ்சர். ஒன்றரை மணி நேரம் ஓட்டம் நின்றது. மலை இறக்கத்தில் டயர் வெடித்தால் உயிரே போகும். குறை நியாயமானதாகவே இருக்கட்டும். ஆணியைக் கையில் எடுத்த பிறகு அதை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? ஓட்டம் அடுத்த ஆண்டுகளிலும் நடந்தது.

லண்டனை அடுத்த சர்ரேயில் ஆணி தேவைப்படவில்லை. 2013 முதல் அவ்வழியே நடந்த ‘ரைட் லண்டன்’ ஓட்டத்தைப் பற்றிக் கவுன்டி கவுன்சில் மக்களிடம் கருத்துக் கேட்டது. 2020-ல் ஆதரவை விலக்கிக்கொண்டது. ஓட்டம் எஸ்ஸெக்ஸ் பக்கம் போயிற்று.

நம் நாட்டிலும் 2026 ஜனவரியில் புனே மாவட்டத்தில் சர்வதேச சைக்கிள் பந்தயத்துக்காகச் சாலைகள் மூடப்பட்டன. சில பகுதிகளில் பள்ளிகளுக்கு விடுமுறை.

நாளை கோலார் பக்கமும் பந்தயம் வரலாம். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-வது பிரிவின்படி, ஒரு மாதத்துக்கு மேற்படாத போக்குவரத்துத் தடைக்கு அரசிதழ் அறிவிப்பு வேண்டியதில்லை. உள்ளூரில் இயன்ற அளவு விளம்பரம் செய்தால் போதும். அந்த விளம்பரம் கன்னடத்தில் மட்டும் இருக்குமா, தமிழிலும் தெலுங்கிலும் இருக்குமா? எங்கே ஒட்டுவார்கள்? இருட்டோடு கிளம்பி இருட்டிய பின் வீடு திரும்புகிறவர் கண்ணில் அது படவேண்டுமே!