பிலிகுண்டுலுவில் காவிரியை அளப்பது எப்படி?

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தமிழ்ப் பத்திரிகைகளில் அடிக்கடி தலைகாட்டும் செய்தி இது: ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து நொடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி, அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை. மேட்டூர் அணை எப்போது நிரம்பும் என்று டெல்டா விவசாயி கணக்குப் போடுவதும் இந்த எண்ணை வைத்துத்தான். எண் வரும் இடம் பிலிகுண்டுலு. ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடகத்துக்கும் தமிழகத்துக்கும் காவிரியே எல்லையாக ஓடும் காட்டுப் பகுதியில், மத்திய நீர் ஆணையம் அங்கே ஓர் அளவீட்டு நிலையம் வைத்திருக்கிறது.

இத்தகைய நிலையங்களில் அன்றாடம் அளக்கப்படுவது கன அடி அல்ல, உயரம்.

ஆற்றங்கரையில் சென்டிமீட்டர் கோடு போட்ட அளவுகோல்களைப் படிப்படியாக நட்டிருப்பார்கள். கடல் மட்டத்திலிருந்து அவற்றின் உயரம் கணக்கிட்டுக் குறிக்கப்பட்டிருக்கும். தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று ஊழியர் பார்த்து எழுதுவார். வெள்ளக் காலத்தில் மணிக்கு ஒருமுறை. அலையடித்தால் கோட்டைப் படிப்பது கடினம். அதனால் சில நிலையங்களில் கரையோரம் கிணறு கட்டி, குழாய் வழியே ஆற்று நீரை உள்ளே விடுகிறார்கள். அதில் மட்டம் ஆடாமல் நிற்கும். மிதவை அதைப் பதிவு செய்யும். புதிய நிலையங்களில் நீருக்கு மேலே பொருத்திய ரேடார் கருவி மட்டத்தை அளந்து, செயற்கைக்கோள் வழியே அனுப்பிவிடுகிறது.

உயரம் தெரிந்தால் மட்டும் போதாது. எவ்வளவு தண்ணீர் கடந்து போகிறது என்று அறிய ஆற்றையே கூறு போட வேண்டும். கரைக்குக் கரை ஆற்றின் குறுக்கே கற்பனையாகப் பல பட்டைகள் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆழத்தையும் வேகத்தையும் அளப்பார்கள். வேகத்துக்கு கரண்ட் மீட்டர். நீரோட்டத்தில் அதன் கிண்ணங்கள் சுழலும். குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை சுற்று என்று எண்ணினால் வேகம் கிடைத்துவிடும். மேற்பரப்பில் நீர் விரைவாகவும் அடியில் மெதுவாகவும் ஓடும் என்பதால், மேலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கில் கருவியைப் பிடிக்கிறார்கள். ஆழம் அதிகமானால் பத்தில் இரண்டு, பத்தில் எட்டு ஆகிய இரு இடங்களில் அளந்து சராசரி எடுப்பார்கள்.

ஒரு பட்டை 5 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், வேகம் நொடிக்கு 0.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு 8 கன மீட்டர், அதாவது சுமார் 282 கன அடி. எல்லாப் பட்டைகளையும் கூட்டினால் ஆற்றின் மொத்த ஓட்டம்.

இதை மணிக்கு மணி செய்ய முடியாது. ஆகவே பல்வேறு மட்டங்களில் இப்படி அளந்து, இந்த உயரத்துக்கு இவ்வளவு நீர் என்று ஒரு வளைகோடு வரைந்து வைத்துக்கொள்கிறார்கள். பிறகு உயரத்தைப் படித்தால் போதும். கோடு கன அடியைச் சொல்லிவிடும். மட்டம் இரு மடங்கானால் நீரும் இரு மடங்காகும் என்பதில்லை. ஆழத்தோடு அகலமும் வேகமும் சேர்ந்து கூடுவதால் ஓட்டம் பல மடங்காகிவிடும்.

சிக்கலும் இந்தக் கோட்டில்தான். ஒரு பெருவெள்ளம் மணலை அரித்துப்போனாலோ கொண்டுவந்து கொட்டினாலோ பழைய கோடு பொய் சொல்லத் தொடங்கும். ஒரே உயரத்தில்கூட, வெள்ளம் ஏறும்போது போகும் நீர் அது வடியும்போது போவதைவிட அதிகம். மீண்டும் மீண்டும் ஆற்றில் இறங்கி அளந்து கோட்டைத் திருத்தினால்தான் எண் நம்பத்தக்கதாக இருக்கும்.

பிலிகுண்டுலு எண்ணுக்குச் சட்டத்தின் கனமும் உண்டு. 1991இல் காவிரி நடுவர் மன்றம் அளித்த இடைக்கால உத்தரவு, ஆண்டுக்கு 205 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) மேட்டூருக்கு வந்து சேர வேண்டும் என்றது. 2007 இறுதித் தீர்ப்பில் அளவிடும் இடம் மாநில எல்லைக்கு, பிலிகுண்டுலுவுக்கு மாறியது. அளவு 192 டி.எம்.சி. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதை 177.25 ஆகக் குறைத்தது. மாதவாரிக் கணக்கில் ஜூனுக்கு 9.19, ஆகஸ்டுக்கு 45.95, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5 டி.எம்.சி.

கர்நாடகத்தின் கே.ஆர்.எஸ்., கபினி அணைகளில் திறந்த அளவும் பிலிகுண்டுலுவில் பதிவாகும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வழியில் பாசனத்துக்கு எடுப்பது போக, துணை ஆறுகளான ஷிம்ஷாவும் அர்க்காவதியும் மழைநீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. திறந்த கணக்கை விட்டுவிட்டு வந்த கணக்கைப் பார்க்க இதுவே காரணம்.

ஒரு டி.எம்.சி. என்பது நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடும் நீர். 2023 ஆகஸ்ட் இறுதியில் காவிரி மேலாண்மை ஆணையம் 15 நாட்களுக்கு நொடிக்கு 5,000 கன அடியைப் பிலிகுண்டுலுவில் உறுதிசெய்யுமாறு கர்நாடகத்திடம் சொன்னது. மொத்தம் ஏறத்தாழ 6.5 டி.எம்.சி. அளவீட்டில் 5 சதவீதம் பிசகினால் 0.3 டி.எம்.சி.க்கு மேல் கணக்கு மாறிவிடும். பெருவெள்ளத்தின்போது மட்டத்தில் ஓரிரு சென்டிமீட்டர் தவறினால் பெரிய பாதகமில்லை. ஆறு மெலிந்து ஓடும் மாதங்களில் அதே தவறு மொத்த ஓட்டத்தில் பெரும் பங்காகிவிடும். இரு மாநிலங்களும் ஒவ்வொரு கன அடிக்கும் மல்லுக்கட்டுவதும் அந்த மாதங்களில்தான்.