காடை முட்டை உரிக்கும் கைக்கருவி: வாங்கும் முன் தெரிந்துகொள்வோம்



காடை முட்டையை அவித்து, உரித்து, ஓட்டலுக்கும் விசேஷ வீட்டுச் சமையலுக்கும் கொடுக்கும் குழுக்களுக்குப் போனால் ஒரே பேச்சுதான். "மேடம், அவிக்கிறது ஒண்ணும் பெருசில்ல. உரிச்சு முடிக்கிறதுக்குள்ள நகக்கண்ணெல்லாம் எரியுது."

எரியாமல் என்ன செய்யும்? ஒரு காடை முட்டை சுமார் 10 கிராம். ஒரு கோழி முட்டை எடைக்கு 5 காடை முட்டை உரிக்க வேண்டும். ஓடு மெல்லிசு, அடியில் இருக்கும் ஜவ்வு கெட்டி.

இதற்குக் கையால் சுற்றும் சின்னக் கருவி இருக்கிறது. கரண்ட் வேண்டாம். "உள்கடன் போட்டு வாங்கலாமா?" என்று கேட்கிறீர்கள். முதலில் அது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம்.

கருவியில் பக்கம் பக்கமாக உருளைகள் இருக்கும். அவற்றின் மேல் வரி வரியாக மேடு பள்ளம். கைப்பிடியைச் சுற்றினால் உருளைகள் உருளும். மேலே வைத்த முட்டையும் சுழலும். கீறல் விட்ட இடத்தில் உருளைகள் ஜவ்வைக் கவ்வி, ஓட்டோடு சேர்த்துக் கீழே இழுக்கும். இடுக்கில் நுழைய முடியாத முட்டை மேலேயே நிற்கும். ஜவ்வு வெள்ளைக்கருவோடு ஒட்டியிருந்தால் முட்டையும் சேர்ந்து பிய்ந்துவிடும். ஆகவே பாதி வேலை அடுப்படியில் இருக்கிறது.

செய்முறை:

1. அன்றைக்கு இட்ட முட்டை வேண்டாம். புது முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு அதிகம்; ஜவ்வு விடாது. சில நாளில் அந்த வாயு ஓட்டின் நுண்துளை வழியே வெளியேறிவிடும். அப்புறம் உரிப்பது சுலபம்.
2. தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு முட்டைகளை மெதுவாக இறக்குங்கள். 4 முதல் 5 நிமிடம் போதும்.
3. எடுத்ததும் குளிர்ந்த தண்ணீரில் போட்டு முழுக்க ஆறவிடுங்கள்.
4. மூடி போட்ட பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, முட்டைகளைப் போட்டு லேசாகக் குலுக்குங்கள். ஓடு முழுக்கக் கீறல் விழ வேண்டும்.
5. ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்து, தண்ணீர் விட்டுக்கொண்டே நிதானமாகச் சுற்றுங்கள். அவசரப்பட்டால் முட்டை பிளந்துவிடும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.
6. நல்ல தண்ணீரில் அலசி, ஓட்டுத் துணுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். உரித்த முட்டையை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

வேலை முடிந்ததும் உருளைகளைத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். இடுக்கில் தங்கும் முட்டைத் துணுக்கு சீக்கிரம் கெட்டு நாறும்.

இனி கணக்கு. பணம் கட்டும் முன் கடைக்காரரிடம் உங்கள் முட்டையிலேயே சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். கருவியில் 100, கையில் 100 என்று உரித்துப் பாருங்கள். எவ்வளவு நேரம், எத்தனை உடைந்தது என்று நோட்டில் எழுதுங்கள். உதாரணத்துக்கு, கையில் 3 உடைந்து கருவியில் 10 உடைந்தால், நூற்றுக்கு 7 முட்டை கூடுதல் நஷ்டம். மிச்சமாகும் நேரம் அந்த நஷ்டத்தை ஈடுகட்டுமா? கடன் தவணையையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். உரிக்கும் கூலியை நம்பியே சில உறுப்பினர்கள் வருகிறார்கள். கருவி வந்தால் அவர்களுக்கு என்ன வேலை? மசாலா தயாரிப்பா, பேக்கிங்கா, ஆர்டர் பிடிப்பதா? கருவி வாங்கும் முன்பே கூட்டத்தில் அவர்களையும் வைத்துப் பேசி, முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு "என்னைக் கேட்காம வாங்கிட்டீங்க" என்ற மனக்கசப்பு வராது.

சோதித்துப் பார்த்த குழுக்கள் அந்த நோட்டை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு அவசியம் கொண்டு வாருங்கள். ஒரு குழுவின் கணக்கு இன்னொரு குழுவைக் கடனிலிருந்து காப்பாற்றும்.